வாசகர் கேள்வி, டாக்டர் பதில்: குடிநோய் வைத்தியத்தை டாக்டர்கள் எங்கே கற்பது?

போன மாதம் இந்தப் பகுதியில் குடிநோய் பற்றி இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தேன். குடிப்பவர்கள் வீட்டிலிருந்து கடிதம் வரும் என்று பார்த்தால், டாக்டர், நர்ஸ், மருந்துக் கடைக்காரர் என்று வைத்தியம் பார்க்கிற பக்கத்திலிருந்துதான் அதிகம் வந்திருக்கிறது. சரி, இந்த முறை இடம் அவர்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம், உங்கள் டாக்டரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதாவது தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். போன வருடம் போதை சிகிச்சை பற்றிய ஒரு சி.எம்.இ.க்கு, அதாவது டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டத்துக்குப் போனேன். மூளையில் டோபமைன் எப்படி வேலை செய்கிறது என்று ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு, அப்புறம் சாப்பாடு, சான்றிதழ். அடுத்த வாரமே ஓ.பி.யில் கை நடுங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உருப்படியாக எங்கே கற்றுக்கொள்வது?
— மருத்துவர், தருமபுரி மாவட்டம்

அவர் மெடிக்கல் காலேஜுக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு டாக்டர். கை நடுக்கத்தோடு பஸ் ஏறி, வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு எங்கே என்று விசாரித்துப் போகிற நிலையில் அவர் இல்லை. வழியில் ஒரு கட்டிங் போட்டால் நடுக்கம் நின்றுவிடும், அது அவருக்கும் தெரியும். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய அளவிலான போதைப்பொருள் ஆய்வு, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார் என்கிறது. மீதி 37 பேரும் டாக்டரையே பார்க்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். சர்க்கரைக்கும் வயிற்று வலிக்கும் காலில் அடிபட்டதற்கும் உங்களைப் போன்றவர்களிடம்தான் வந்துபோகிறார்கள். அதனால் இது மனநல மருத்துவருக்கான பாடம் என்று நினைப்பதை முதலில் விட்டுவிடுங்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் மனநலம் சில வாரப் போஸ்டிங், தனித் தேர்வு கிடையாது, அந்தச் சில வாரத்திலும் பாதி நாள் வகுப்பை வெட்டியவர்கள்தான் நாம் எல்லோரும்.

சி.எம்.இ. விஷயத்துக்கு வருகிறேன். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் படிக்கச் சொல்கின்றன. எதைப் படிப்பது என்று சொல்லவில்லை. 30 மணி நேரமும் லேசர் சரும சிகிச்சை பற்றிக் கேட்டாலும் கணக்கில் சேரும். அதோடு, ஓட்டல் ஹாலில் உட்கார்ந்து கேட்கிற பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த வாரம் உங்கள் எதிரில் வந்து உட்காரும் ஆளிடம் எடுபடாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பேசியவர் உங்கள் நோயாளியைப் பார்த்ததில்லை, உங்கள் சுகாதார நிலைய அலமாரியில் என்ன மருந்து இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

இதற்கு ஒரு நல்ல மாற்று ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003-இல் 'எக்கோ' என்று ஒரு முறையைத் தொடங்கினார். ஹெப்படைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எல்லோரையும் தன்னிடம் வரவழைப்பதற்குப் பதிலாக, கிராமத்து டாக்டர்களை வாரம் ஒருமுறை வீடியோவில் உட்கார வைத்து, அவரவர் தங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து பேசித் தீர்மானிக்கும்படி செய்தார். 2011-இல் வந்த ஆய்வில் கிராமத்து டாக்டர்களிடம் குணமானவர்களின் விகிதமும் பல்கலைக்கழக மருத்துவமனையின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன, இரண்டும் 58 சதவீதத்தை ஒட்டி. பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அதே முறையைப் போதை சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டு, தன் போதை மருத்துவ மையத்தின் மூலம் பல மாநில மருத்துவர்களுக்கு இணைய வழியில் நடத்துகிறது. போனிலேயே சேரலாம். முறைவைத்து நீங்களும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் தயங்கித்தான் பல பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், நீங்கள் நிற்காதீர்கள். எய்ம்ஸின் கீழ் காஜியாபாத்தில் இருக்கும் தேசிய போதை சிகிச்சை மையமும் மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகிறது. சென்னையிலேயே, சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. ஒரு குடிநோயாளியோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அது பத்து ஸ்லைடு கூட்டத்துக்குச் சமம்.

அதுவரை நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். கேட்கிற விதத்தை மாற்றுங்கள். 'குடிப்பீங்களா?' என்று கேட்டால் 'எப்பவாவது சார்' என்பார், நீங்களும் கேஸ் ஷீட்டில் 'எப்போதாவது குடிப்பவர்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவீர்கள். 'கடைசியா எப்ப குடிச்சீங்க?' என்று கேளுங்கள். 'நேத்து ராத்திரி.' அதுக்கு முன்னாடி? 'முந்தாநாள்.' எவ்வளவு? 'கம்மிதான் சார், ஒரு குவாட்டர்.' இந்தக் கம்மியைக் கணக்குப் போடுங்கள். 180 மில்லி, 42.8 சதவீதம், ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். 10 கிராம் ஓர் அலகு என்றால் 6 அலகு, தினமும். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த 'ஆடிட்' கேள்வித்தாளில் 10 கேள்விதான். 8 மதிப்பெண்ணைத் தொட்டாலே உட்கார வைத்துப் பேச வேண்டிய ஆள். பேசுவது என்றால் 'பொண்டாட்டி புள்ளைய நினைச்சுப் பாரு' என்பதை அவர் வீட்டிலேயே தினமும் கேட்டுவிட்டு வருகிறார், அதை விட்டுவிடுங்கள். ரிசல்டைக் காட்டி, ஈரல் எப்படி இருக்கிறது என்று சொல்லி, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று அவர் வாயிலிருந்து வரவழையுங்கள். ஐந்து பத்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் ஓ.பி.யில் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எல்லோருக்கும் கிடைக்காது. ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

எலும்பு முறிவு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஆபரேஷன் நன்றாக முடிந்த நோயாளிகள் மூன்றாம் நாள் இரவு திடீரென்று கத்துகிறார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார்கள், டிரிப்பைப் பிடுங்குகிறார்கள். கட்டிலோடு கட்டி வைக்கச் சொல்கிறார்கள். வீட்டார் காற்றுக் கருப்பு என்று திருநீறு போட ஆள் கூட்டி வருகிறார்கள். எங்களுக்கு இதற்கென்று எந்தப் பயிற்சியும் தந்ததில்லை.
— செவிலியர், மதுரை

சிஸ்டர், இந்தக் கடிதத்தை அப்படியே எடுத்து ஒரு சி.எம்.இ.க்குத் தலைப்பாக வைக்கலாம். தினமும் குடிப்பவர் விபத்தில் அடிபட்டு வருகிறார். வந்த நேரத்திலிருந்து குடி இல்லை. ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் நீங்கள் சொல்கிற அந்தக் குழப்ப நிலை. ஆபரேஷன் தேதியை வைத்துப் பார்ப்பதால்தான் இது எல்லோருக்கும் திடீரென்று நடப்பதுபோல் தெரிகிறது. கடைசியாகக் குடித்த நேரத்தை அட்மிஷனிலேயே எழுதி வைத்திருந்தால் எந்த ராத்திரி கண் வைக்க வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அதைக் கேட்க நர்ஸ்தான் சரியான ஆள், டாக்டரிடம் மறைப்பதை உங்களிடம் சொல்லிவிடுவார்கள். நோயாளி சொல்லாவிட்டால் கூட இருக்கும் மச்சானைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இது உயிர் போகக்கூடிய நிலை. டயஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு, ஈரல் மோசமாக இருந்தால் லோரஸிபாம் என்று மருந்து இருக்கிறது, நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் கட்டுக்குள் வந்துவிடுவார்கள். அளவை இங்கே எழுத மாட்டேன், அது டியூட்டி டாக்டர் நோயாளியைப் பார்த்துத் தீர்மானிப்பது. சத்தம் போடுகிறார் என்று வெறும் ஹாலோபெரிடால் ஊசி மட்டும் போட்டு அமுக்குவதில் வலிப்பு வரும் ஆபத்து இருக்கிறது, இதை டியூட்டி டாக்டருக்கு மரியாதையாக நினைவுபடுத்தலாம். அடுத்தது தயமின். குடிநோயாளிக்கு அந்த வைட்டமின் ஏற்கெனவே வற்றிப் போயிருக்கும், அந்த உடம்பில் குளுக்கோஸ் டிரிப்பை மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். அந்தப் பாதிப்பு என்றால் நடை தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் இருப்பதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, மூன்றும் சேர்ந்து தெரிவது குறைவு. அதனால் தயமின் முதலில். சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸுக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குடிப்பவர் குழம்பினால் குடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விபத்தில் வந்தவர், தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். சோடியம் குறைந்திருக்கலாம், காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேட்பது உங்கள் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கார்த்திகை மாதத்தில் எல்லா வார்டும் கவனமாக இருக்க வேண்டும். பல வருடமாகத் தினமும் குடித்தவர் மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்திவிட்டு, இரண்டாம் நாள் வலிப்போடு வருவார். நிறுத்த நினைத்ததில் தப்பே இல்லை, மாலை போடுவதற்கு முன் டாக்டரைப் பார்த்து மாத்திரையின் துணையோடு நிறுத்தியிருந்தால் போதும்.

என் கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும்படி எங்கள் குடும்ப டாக்டர் ஒரு மாத்திரை தந்தார். கொடுக்கவே பயமாக இருக்கிறது.
— வாசகி, தென்காசி

கொடுக்காதீர்கள் அம்மா. அது டைசல்ஃபிராமாக இருக்கும் என்று நினைக்கிறேன், அட்டையில் பெயரைப் பாருங்கள். அது குடிநோய்க்கு உதவும் என்று 1940-களில் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்து. 'இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் இப்படி ஆகும்' என்று அவருக்குத் தெரிந்து, அவரே சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து, வீட்டில் ஒருவர் கையால் வாங்கிச் சாப்பிடும்போது நன்றாகவே உதவும் மருந்து அது. தெரியாமல் சாம்பாரில் போனால் அவருக்கு என்ன ஆகிறது என்று அவருக்கும் தெரியாது, தூக்கிக்கொண்டு போகிற ஆஸ்பத்திரியிலும் தெரியாது. அப்புறம் விஷயம் வெளியே வந்தால் நீங்கள் போடுகிற சோற்றையே சந்தேகப்படுவார்.

உங்கள் டாக்டர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு ஏதாவது செய்ய நினைத்திருக்கிறார், அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு மாத்திரை. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை பல வருடமாக இருக்கின்றன, அவற்றை ரகசியமாகக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவரிடம் கொடுத்தாலும் சரி. கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய் ஒரு ஆலோசகரைப் பாருங்கள், ஆரம்பிக்க அவர் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏதாவது மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் கீழ் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மது, போதைப்பொருளால் வரும் மனநலப் பாதிப்பும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. வேன் வைத்து ஆளைத் தூக்கிப்போகிறோம், மூன்று மாதம் பார்க்க வராதீர்கள் என்று சொல்கிற இடத்தின் பக்கமே போக வேண்டாம்.

டாக்டர்களுக்குப் பாடம் நடத்துவதே மருந்து கம்பெனிகள்தான் என்கிறார்களே, உண்மையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

எல்லாமே என்று சொல்ல முடியாது, ஆனால் நிறைய கூட்டங்களின் பின்னால் அவர்கள் பணம் இருக்கிறது. அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைத்தான் சொல்வேன். பர்டியூ ஃபார்மா என்ற கம்பெனி 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை இறக்கியது. அபின் வகை மருந்து. 2001 வரைக்குமான ஐந்து வருடத்தில் ஃபுளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா உல்லாச விடுதிகளில் 40-க்கும் மேற்பட்ட கருத்தரங்குகள், 5,000-க்கும் மேற்பட்ட டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர்கள், போக வர, தங்க, சாப்பிட எல்லாம் கம்பெனி செலவு. வலிக்காகச் சாப்பிடுபவர்கள் அடிமையாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று, 1980-இல் ஒரு மருத்துவ இதழின் ஆசிரியருக்கு எழுதப்பட்ட ஐந்து வாக்கியக் கடிதம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்த வகை மருந்து கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் அடிமைத்தனம் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்றது கடிதம். வார்டில் டாக்டர் கண் முன்னால் சில நாள் வாங்கியவர்களின் கணக்கு அது, வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? யாரும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின, பெரும்பாலானவை கடிதத்தைத் திறந்துகூடப் பார்க்காத மாதிரிதான் இருக்கின்றன. கம்பெனி 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதிகாரிகளின் அபராதமும் சேர்த்து 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

இங்கே தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில், மருந்து கம்பெனி ஆதரவில் நடக்கும் கூட்டங்களுக்கு டாக்டர்கள் போகக் கூடாது என்பதையும் சேர்த்துப் புது விதிகளை வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் அவற்றை நிறுத்தி வைத்தது. என் கருத்து: போதை சிகிச்சைப் பாடத்துக்கு மட்டுமாவது அரசும் பல்கலைக்கழகமும் செலவு செய்யட்டும். போண்டா டீ போதும், ஹாலும் வேண்டாம்.

என் மகள் அமெரிக்காவில் பல் மருத்துவர். போதை சிகிச்சை பற்றி 8 மணி நேரம் படித்தால்தான் உரிமம் என்றார்களாம். பல் டாக்டருக்கு எதற்கு இது?
— வாசகர், கோயம்புத்தூர்

பல் பிடுங்கிய பின் கொடுத்த வலி மாத்திரையில்தான் அங்கே எத்தனையோ இளைஞர்களுக்குப் பழக்கம் ஆரம்பித்தது சார், அதற்காகத்தான். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் அனுமதி வேண்டுமானால், 2023 ஜூன் 27 முதல், கால்நடை மருத்துவர் தவிர எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறை 8 மணி நேரம் படித்தாக வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில மாதம் முன்புவரை நிலைமை தலைகீழ்: அடிமையாக்கும் மாத்திரையை எழுத வழக்கமான அனுமதியே போதும், அதிலிருந்து மீட்கும் புப்ரினார்ஃபினை எழுதத்தான் அதற்கு மேல் தனி அனுமதி கேட்டார்கள். 2022 டிசம்பரில் அந்தத் தனி அனுமதியை எடுத்தார்கள். ஒருமுறை 8 மணி நேரம் என்பது குறைவுதான், ஆனால் 'எதை வேண்டுமானாலும் படி' என்கிற நம் 30 மணி நேரத்தைவிடத் தேவலை.

மயக்கவியல் முதுநிலை மாணவன். என்னுடன் படிப்பவர் ஆபரேஷன் தியேட்டரில் மிச்சமாகும் ஃபென்டனைல் என்ற அபின் வகை வலி மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொள்கிறாரோ என்று சந்தேகம். சொன்னால் அவன் வாழ்க்கை போய்விடும், சொல்லாமலும் இருக்க முடியவில்லை.
— பெயர், ஊர் வேண்டாம்

சொல்லுங்கள், இன்றைக்கே. ஃபென்டனைலில் சரியான அளவுக்கும் மூச்சு நிற்கும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு, இந்தத் துறையில் முதல் அறிகுறியே கழிவறையில் கிடைக்கும் உடலாக இருந்திருக்கிறது. தனியாகக் கூப்பிட்டு நீங்களே புத்தி சொல்ல வேண்டாம், பிடிபட்டுவிட்டோம் என்ற பயத்தில் அந்த இரவே ஏதாவது செய்துகொள்ளலாம். நம்பிக்கையான ஒரு மூத்த ஆசிரியரிடமும் மனநலத் துறையில் ஒருவரிடமும் சொல்லி, அவர்கள் பேசும்போதே சிகிச்சைக்கு இடம் தயாராக இருக்கும்படி பாருங்கள், அதற்கப்புறம் சில நாள் அவரைத் தனியாக விடாதீர்கள்.

வாழ்க்கை போய்விடும் என்கிறீர்களே, அமெரிக்காவில் மருத்துவர்களுக்கென்றே சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் சேர்ந்த திட்டங்கள் இருக்கின்றன. 2008-இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து ஆண்டு கழித்து விவரம் கிடைத்த 802 மருத்துவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் உரிமத்தோடு வேலையில் இருந்தார்கள். சாதாரண நோயாளிகளில் இந்த மாதிரி விகிதத்தைப் பார்ப்பது அபூர்வம். மயக்கவியலுக்கே திரும்பலாமா, வேறு துறைக்கு மாறுவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். நம் கல்லூரிகளில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லாததால்தான் உங்களைப் போன்ற ஒருவர் பெயர் போடாமல் பத்திரிகைக்கு எழுத வேண்டியிருக்கிறது. டாக்டர்களுக்கான பயிற்சியில் டாக்டர்களே நோயாளியாவது பற்றி ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள் என்று கூட்டம் நடத்துபவர்களிடம் நான் பார்க்கும்போதெல்லாம் சொல்லி வருகிறேன், கூச்சமாக இருக்கிறது என்று தள்ளிப் போடுகிறார்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சீட்டு இல்லாமல் டேபென்டடால் என்ற வலி மாத்திரை கேட்டுப் பையன்கள் வருகிறார்கள். இல்லை என்றால் மிரட்டுகிறார்கள். கொடுக்காமல் அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிட்டதா?
— மருந்தாளுநர், சென்னை

கொடுக்காமல் இருப்பதே பெரிய விஷயம், பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து மறுத்தால்தான் மிரட்டல் குறையும், சங்கத்தில் பேசி காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து வையுங்கள். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள், அதனால் கையில் சீழ் கட்டி, மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. எல்லாம் பின்னாலேயே வருகிறது. வருகிற பையன் கொட்டாவி விட்டு, மூக்கு ஒழுகி, புல்லரித்து நிற்கிறான் என்றால் அவன் போதைக்காக மட்டும் வரவில்லை, கிடைக்காத வேதனையில் நிற்கிறான், அதற்கு வைத்தியம் உண்டு. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. இந்த இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் அச்சடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பையன் வாங்க மாட்டான். ஒரு வாரம் கழித்து 'என் மகன் இங்கே வந்தானா' என்று கேட்டுக்கொண்டு அவன் அம்மா வருவார், அவர் வாங்கிக்கொள்வார்.